பாய்மரப் படகில் எமது முதற் பிரயாணம்

மதுரைவாசிகளாகிய எமக்குப் பழக்கமான பெருநீர், திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளமே. அங்கே தைப்பூசத் தெப்பத்தை வடம் பிடித்து இழுப்பர். காற்றுக்கு வேலை இல்லை.

சென்ற ஆனியில் நண்பர் அறுவர் மண்டபம் சென்று பாய்மரப் படகேறினோம். நீந்த வல்லார் எம்முள் இருவரே. மிதவைச் சட்டை அணிந்த பின்னரே மற்றையோர்க்குப் பேச்சு வந்தது. கச்சான் காற்று வீசும் அம்மாதத்தில் தென்கடல் கொந்தளிக்கும். நிலம் மறைத்தலால் வடகடல் ஒருவாறு அமைந்திருக்கும். ஆதலின் வடகடலே புகுந்தோம்.

கரையினின்று வீசிய காற்று எம்மை எளிதிற் கொண்டு சென்றது. மீளுங்காலன்றோ அதே காற்று எதிர்த்தது! காற்றை நேருக்கு நேர் நோக்கி எப்பாய்மரமும் செல்லாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, முதலில் ஒருபுறம், பின்னர் மறுபுறமெனக் குறுக்கும் மறுக்குமாகவே முன்னேறல் வேண்டும். பாயிற் படும் காற்று படகைப் பக்கவாட்டிலும் தள்ளும். நீருள் ஆழ்ந்த அடிப்பலகை அச்சறுக்கலைத் தடுக்க, எஞ்சிய விசை முன்னே செலுத்துகின்றது.

திசை மாற்றுந்தோறும் பாயின் அடிக்கழி மறுபுறம் பாயும். அனைவரும் தலை தாழ்த்தி, காற்று வரும் பக்கத்திற்கு ஒருங்கே மாறி அமரல் வேண்டும். சுக்கான் பிடித்தவர் ‘குனியுங்கள்’ என்றபோது, ஏனென்று வினவிய தருக்கம் பயின்ற நண்பரின் நெற்றி இரண்டு நாள் வீங்கியிருந்தது. அதன்பின் எவரும் வினவவில்லை. சென்றது இரண்டு நாழிகை. மீள ஆறு நாழிகைக்கு மேலாயிற்று.