உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்கு மசியாத மார்பகப் புற்றுநோய்

மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. ஹார்மோனை நம்பி வளர்வது, ஹெர்2 புரதம் மிகுந்தது, இவை இரண்டும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் என்று வகைகள் உண்டு. வகைக்கு வகை வைத்தியம் வேறு. மருந்திடமிருந்து புற்று தப்பிக்கும் வழியும் வேறு.

ஹெர்2 வகைக்காக 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப், புற்றணுவின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மருந்தின் வால்பகுதியைப் பற்றிக்கொண்டு, நம் உடலின் நோய் எதிர்ப்புச் செல்களான என்.கே. செல்களும் அந்தப் புற்றணுவைத் தாக்குகின்றன. வாலைப் பற்றும் ஏற்பி இல்லாத எலிகளில் இந்த மருந்தின் வீரியம் பெரிதும் குறைந்ததை 2000-ல் வந்த ஆய்வு காட்டியது. புற்றும் சும்மா இருப்பதில்லை. சில புற்றணுக்களில், மருந்து ஒட்டும் வெளிப்பகுதியே இல்லாத குட்டையான ஹெர்2 இருக்கும். மருந்துக்குப் பிடி கிடைக்காது, வளர்ச்சியோ நிற்காது.

இனி டிரிபிள் நெகட்டிவ் வகைக்கு வருவோம். பிடி-1 என்பது நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களில் உள்ள பிரேக். ஜப்பானின் கியோட்டோவில் தாசுகு ஹோஞ்சோவின் குழு 1992-ல் அதைக் கண்டறிந்தது. 2018-ல் ஜேம்ஸ் அலிசனுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புற்று அந்த பிரேக்கை அழுத்தித்தான் தப்பிக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து அதை விடுவிக்கிறது. ஆரம்பக் கட்டத்தில், ஆனால் பரவும் அபாயம் அதிகமுள்ள டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 5 ஆண்டுகள் கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 82 சதவீதம். இந்த மருந்தும் சேர்ந்தபோது சுமார் 87. கடுமையான இந்த வகையில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் விடுபட்ட டி செல்கள் தைராய்டு, நுரையீரல், குடலையும் தாக்கக்கூடும். மூச்சுத்திணறல், நிற்காத வயிற்றுப்போக்கு, மீளாத அசதி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஹார்மோன் வகையின் தந்திரம் வேறு. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை மாத்திரையால் நிறுத்தினாலும், இஎஸ்ஆர்1 மரபணு மாறிவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தானாகவே வேலை செய்யும். இந்த மாற்றத்தை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். அதற்கென்றே எலாசெஸ்ட்ரன்ட் மாத்திரை 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நோய் திரும்பி வந்தால் பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஹார்மோன், ஹெர்2 நிலை இடையில் மாறியிருக்கலாம். மறுபடி பயாப்ஸி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஹார்மோன் வகைக்கு ஐந்து வருடம் சாப்பிடச் சொன்ன மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாகப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.