முதுகு வளைந்தால் நெஞ்சையும் கேட்கச் சொல்லுங்கள்!

வளரும் பிள்ளைகளின் முதுகெலும்பு வளைவதைப் பல வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பவர் தையல்காரர்தான், தெரியுமா? "பாப்பாவுக்கு ஒரு தோள் ஏறியிருக்கும்மா, சுடிதார் ஒரு பக்கம் தூக்குது பாருங்க" என்பார். நாம் துணியைக் குறை சொல்லிவிட்டு வந்துவிடுவோம்!

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் சாயங்காலம் சைக்கிளில் போகும் பிள்ளைகளைப் பாருங்கள். அந்த வயதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்திருக்கும் என்பது உலகக் கணக்கு. பெயர் ஸ்கோலியோசிஸ். புத்தகப் பைதான் காரணம் என்று திட்டுகிறோமே, அதற்கு ஆதாரமே இல்லை! பெரிதாகும் வளைவு அதிகம் வருவது பெண் பிள்ளைகளுக்கு. தாவணிக்குள்ளும் துப்பட்டாவுக்குள்ளும் அது மறைந்தே போகிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம், தெரியுமா? கால்களைச் சேர்த்து, முட்டியை மடக்காமல், இரு கையும் கூப்பித் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகைப் பாருங்கள். ஒரு பக்க விலா மட்டும் மேடு தட்டினால் எலும்பு டாக்டரிடம் போக வேண்டியதுதான். 1865-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் சொல்லிக்கொடுத்த முறை, இன்றும் இதுதான்!

இனிதான் ஆச்சரியம். இப்படி முதுகு வளைந்த பிள்ளைகளில் இதயத்தின் மைட்ரல் வால்வு பின்பக்கமாகப் புடைப்பது மற்றவர்களைவிட அதிகம்! காற்றில் உப்பும் பாய்மரம்போல வால்வின் இதழ், ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைக்குள் எழும்பும். ஸ்டெதாஸ்கோப்பில் 'க்ளிக்' என்று கேட்கும். குத்தவைத்து உட்கார்ந்தால் அந்தச் சத்தம் தள்ளிக் கேட்கும், எழுந்து நின்றால் முந்திக்கொண்டு வரும்! வளைந்த எலும்பு வால்வை இடிப்பதில்லை. எலும்பைத் தாங்கும் தசைநார்களுக்கும் வால்வுக்கும் பொதுவான இணைப்புத் திசுவின் பலவீனமே காரணமாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு இது தொந்தரவே தருவதில்லை.

ஆனால் பிள்ளை வீட்டில் எல்லோரையும்விட நெடுநெடுவென்று வளர்ந்து, விரல்களும் நீண்டு, மடக்கிய கைக்குள் வைத்த கட்டைவிரல் மறுபக்கம் எட்டிப்பார்த்தால் கவனம்! அது மார்ஃபன் நோயாக இருக்கலாம். ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு வரும், நாலில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது. வால்வு மட்டுமல்ல, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியும் வீங்கும். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986-இல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். வயது 31. அவருக்கு மார்ஃபன் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது! இதை நினைத்தாலே மனசு பதறுகிறது. இதயத்தை ஸ்கேன் செய்யும் ஒரு எக்கோ எடுத்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கலாம். ஊசி இல்லை, வலி இல்லை, கொஞ்ச நேரம் படுத்திருந்தால் போதும்.

வால்வு ரொம்பக் கசிந்தால் பெரும்பாலும் தைத்தே சரிசெய்கிறார்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கிய இந்திய வால்வே இருக்கிறது! முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தியது 1990 டிசம்பர் 6.

பிள்ளை அரசுப் பள்ளியிலா? 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது, 18 வயது வரை பார்க்கிறது. படபடப்பு, மூச்சு வாங்கல், மயக்கம் ஏதாவது இருந்தால் குழு வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கூட்டிப்போங்கள். எங்கே காட்டினாலும் முதுகைக் காட்டிய கையோடு, "டாக்டர், நெஞ்சையும் ஒரு தடவை வச்சுப் பாருங்க" என்று கேளுங்கள்.