மூன்று அப்பம் கேட்டவர்



"செபிக்க நேரமே கிடைக்கல சாமி" என்று சொல்லாத குடும்பம் நம் பங்குகளில் அரிது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்துக் கட்டிக்கொடுத்து, பேருந்தைப் பிடித்து வேலைக்கு ஓடி, இருட்டியபின் வீடு திரும்பும் தாய் இதைச் சொல்லும்போது யாரும் குறை சொல்ல முடியாது. இதற்கு நேர்எதிரான குரலும் கேட்கிறது. "எல்லா நவநாளும் செய்கிறேன், செபமாலையும் தவறுவதில்லை, ஆனால் மனம் காய்ந்து கிடக்கிறது" என்கிறார்கள் சிலர். மூன்றாவதாக ஒரு குரல் பங்குத் திருவிழா முடிந்த மறுநாள் கேட்கும்: "எல்லா வேலையையும் நாங்கள் நாலு பேரே இழுத்துப் போட்டுச் செய்தோம். மற்றவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்."

இவை மூன்றும் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தோன்றலாம். நற்செய்தியாளர் லூக்கா இவற்றை ஒரே சிக்கலாகப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணத்தை இன்று சற்று விரிவாகச் சிந்திப்போம்.

மூன்றாம் ஆண்டு திருவழிபாட்டில், பொதுக்காலத்தின் 15, 16, 17ஆம் ஞாயிறுகளில் நாம் வாசிக்கும் நற்செய்திப் பகுதிகளை நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் நல்ல சமாரியர். அடுத்த வாரம் மார்த்தா, மரியா. அதற்கடுத்த வாரம் இயேசு இறைவேண்டல் கற்றுக்கொடுப்பது. ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு மறையுரை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நடுவில் ஆறு நாள் இடைவெளி இருப்பதால் இவை தொடர்பில்லாத மூன்று கதைகளாகவே மனத்தில் தங்குகின்றன. லூக்கா நற்செய்தியில் இவற்றுக்கு நடுவே ஒரு வரிகூட இடைவெளி கிடையாது. பத்தாம் அதிகாரம் 25ஆம் வசனத்தில் தொடங்கி, பதினோராம் அதிகாரம் 13ஆம் வசனம் வரை அடுத்தடுத்து வருகின்றன. அன்புப்பணி, இறைவார்த்தை, செபம் என்ற மூன்றையும் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார் லூக்கா.

முதல் கதையின் தொடக்கத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். திருச்சட்ட அறிஞர் ஒருவர் நிலைவாழ்வைப் பற்றிக் கேட்கிறார். திருச்சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை எப்படி வாசிக்கிறீர் என்று இயேசு அவரையே திருப்பிக் கேட்கிறார். அந்த மனிதர் தடுமாறவில்லை. இணைச்சட்ட நூலிலிருந்து ஒன்று, லேவியர் நூலிலிருந்து ஒன்று என இரண்டு கட்டளைகளையும் சரியாகச் சொல்கிறார். விவிலிய வினாடிவினா வைத்தால் முழு மதிப்பெண். ஆனால் அடுத்த நொடியே எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று விவாதத்துக்கு இறங்கிவிடுகிறார். வார்த்தை அவருக்குத் தெரிகிறது. அது அவரை எங்கும் அனுப்பவில்லை.

இயேசு சொல்லும் கதையில் வரும் குருவையும் கவனியுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டருக்கும் குறையாத இறக்கம். அந்தக் குரு அவ்வழியே இறங்கி வந்தார் என்கிறது நற்செய்தி. அதாவது, திருக்கோவில் இருக்கும் திசையிலிருந்து வருகிறார். வழிபாட்டுக்கு நேரமாகிவிட்டது, தீட்டுப்பட்டால் பலி செலுத்த முடியாது என்ற சாக்கெல்லாம் அவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நம் கணக்கில் சொன்னால், ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போகிறவர் அவர். பூசை பார்த்துவிட்டு வருகிற நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டிய செய்தி.

இப்போது மார்த்தாவின் வீட்டுக்கு வருவோம். பாவம், மார்த்தாவை நம் மறையுரைகள் போதுமான அளவு வறுத்து எடுத்துவிட்டன. பெண்கள் பக்கம் அமர்ந்திருப்பவர்கள் இந்த நற்செய்தியைக் கேட்கும்போது முகத்தில் ஒரு சலிப்பு தெரியும். "எல்லாரும் காலடியில் உட்கார்ந்துவிட்டால் சோறு யார் ஆக்குவது?" என்பது நியாயமான கேள்விதான்.

இயேசு சமையலைக் குறை சொல்லவில்லை. லூக்கா மார்த்தாவின் வேலையைக் குறிக்கப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'தியாகோனியா'. திருத்தொண்டு என்று நாம் சொல்வது அதைத்தான். மதிப்புக்குரிய சொல் அது. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. மார்த்தாவின் மனநிலையைச் சொல்ல லூக்கா எடுக்கும் வினைச்சொல்லுக்கு, நாலாபக்கமும் இழுக்கப்படுவது என்று பொருள். அடுப்பு ஒரு பக்கம், விருந்தினர் ஒரு பக்கம், உதவாத தங்கை ஒரு பக்கம். அவர் இயேசுவிடம் சொன்னதைக் கவனித்தால், அதில் ஒரு கணக்கு இருக்கிறது. தங்கை தன்னைத் தனியே விட்டுவிட்டாள், எல்லாம் தன் தலையில் விழுந்துவிட்டது, ஆண்டவருக்கே இதில் அக்கறை இல்லை. பணி கசந்துபோவதன் முதல் அடையாளம் உடல் களைப்பு அல்ல, இந்தக் கணக்கெடுப்புதான். யார் எத்தனை நாற்காலி தூக்கினார்கள், யார் பெயர் நன்றியுரையில் விடுபட்டது என்று எண்ணத் தொடங்கும்போது, நாம் யாருக்காக அந்த வேலையைத் தொடங்கினோமோ அவர் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மார்த்தா இந்தப் புலம்பலை அண்டை வீட்டாரிடம் சொல்லவில்லை. ஆண்டவரிடமே நேராகச் சொல்கிறார். கோபமாக இருந்தாலும் அது செபம்தான். அதற்கு வரும் பதிலில் அவர் பெயர் இருமுறை ஒலிக்கிறது. விவிலியத்தில் கடவுள் ஒருவரை இருமுறை பெயர்சொல்லி அழைப்பது அழைத்தல் நேரத்தில்: ஆபிரகாமை, மோசேயை, சாமுவேலை, பிற்பாடு சவுலை அப்படித்தான் அழைத்தார். அந்த வரிசையில் ஒரு சமையலறைப் பெண்ணும் நிற்கிறார். காலடியில் அமர்வது சீடரின் இடம். கமாலியேலின் காலடியில் தாம் கற்றதாகப் பவுல் சொல்வது அந்தப் பொருளில்தான். மரியா அங்கே சும்மா உட்காரவில்லை, மாணவியாக அமர்ந்திருக்கிறார். அந்த இடத்துக்கு மார்த்தாவும் அழைக்கப்படுகிறார்.

மூன்றாவது பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சீடர்கள் செபிக்கக் கற்றுக்கொடுக்கும்படி கேட்கிறார்கள். அன்றாட உணவுக்காக வேண்டச் சொல்கிறார் இயேசு. எனக்கு என்றல்ல, எங்களுக்கு என்று. உடனே ஒரு கதையும் சொல்கிறார். நள்ளிரவில் ஒருவர் நண்பரின் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறார். விடாப்பிடியாகச் செபிக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த அப்பம் யாருக்கு என்று கேட்டிருக்கிறோமா? அவருக்குப் பசியில்லை. வழிப்பயணமாய் வந்த வேறொரு நண்பர் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், கொடுக்க ஒன்றுமில்லை. தன் வீட்டுக்கு வந்த ஒருவருக்காகத்தான் இவர் அடுத்த வீட்டுக் கதவை வெட்கமில்லாமல் தட்டுகிறார்.

இதே பாடத்தைப் பழைய ஏற்பாட்டு வாசகங்களும் சொல்கின்றன. 16ஆம் ஞாயிறன்று தொடக்க நூல் 18ஆம் அதிகாரத்தின் முதல் பாதி. 17ஆம் ஞாயிறன்று அதே அதிகாரத்தின் பின்பாதி. வெயில் ஏறிய வேளையில் மூன்று பேர் வருகிறார்கள். வயது முதிர்ந்த ஆபிரகாம் ஓடுகிறார். சாராவை மாவு பிசையச் சொல்கிறார், இளங்கன்றைச் சமைக்கச் செய்கிறார், தயிரும் பாலும் கொண்டுவந்து வைக்கிறார். அவர்கள் சாப்பிடும்போது மரத்தடியில் பக்கத்திலேயே நிற்கிறார். இலை போட்டு, பந்தியை விட்டு நகராமல் நிற்கும் நம் வீட்டுப் பெரியவர்களைப் போல. இரண்டு ஞாயிறுகளுக்கும் நடுவே வாசிக்கப்படாமல் விடுபடுகிற 16ஆம் வசனத்தில்தான் திருப்பம் இருக்கிறது: விருந்தினரை வழியனுப்ப ஆபிரகாம் அவர்களோடு நடந்துபோகிறார். அப்படிப் போன இடத்தில்தான் சோதோமைப் பற்றிய செய்தியைக் கடவுள் அவருக்கு மறைக்காமல் சொல்கிறார். பிறகு தொடங்குகிறது அந்தப் புகழ்பெற்ற பேரம். ஐம்பது நீதிமான்கள் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது? முப்பது, இருபது, பத்து வரை இறங்கி வருகிறார். தன் ஊருக்காக அல்ல, அடுத்த ஊருக்காக. காலையில் முழங்காலில் நின்று ஆபிரகாம் செபித்தார் என்று அங்கே எழுதப்படவில்லை. உபசரித்து, வழியனுப்பி, கூட நடந்து, அதன்பின் செபிக்கிறார். விவிலியத்திலேயே துணிச்சலான செபங்களில் ஒன்று அது.

செபம் காய்ந்துபோயிருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் வீட்டுத் திண்ணையில் யாரும் வந்து உட்காராததால் இருக்கலாம். அப்பம் கேட்க ஆள் இல்லாதபோது கதவைத் தட்டும் கை தளர்ந்துவிடும்.

தொடக்கத் திருச்சபையிலும் இதே இழுபறி இருந்தது. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. பந்திப் பணிக்கு எழுவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திருத்தூதர்கள் செபத்துக்கும் வார்த்தைப் பணிக்கும் தங்களை ஒதுக்கிக்கொள்கிறார்கள். வேலையைச் சுத்தமாகப் பிரித்துவிட்டார்கள் போலத் தோன்றும். ஆனால் அடுத்த இரண்டு அதிகாரங்களை வாசியுங்கள். பந்தி பரிமாற நியமிக்கப்பட்ட ஸ்தேவான், ஆபிரகாம் முதல் சாலமோன் வரை மறைநூல் வரலாற்றையே எடுத்துரைத்து, தம்மைக் கல்லெறிகிறவர்களுக்காகச் செபித்தபடி உயிர் விடுகிறார். இன்னொரு பந்திப் பணியாளரான பிலிப்பு, எசாயா நூலை வாசித்துப் புரியாமல் தவித்த எத்தியோப்பியரின் தேரில் ஏறி அதை விளக்குகிறார். பரிமாறும் கைக்கு மறைநூல் தேவையில்லை என்று அவர்கள் நினைக்கவில்லை.

புனித வின்சென்ட் தே பவுல், புனித லூயிஸ் தே மரியாக்குடன் சேர்ந்து 1633இல் பாரிசில் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபைக்கு ஓர் அறிவுரை தந்தார். செப நேரத்தில் ஏழை ஒருவர் அழைத்தால் தயங்காமல் எழுந்து போங்கள், அது கடவுளை விட்டுக் கடவுளிடம் போவது என்றார். இதை மட்டும் பிடித்துக்கொண்டு செபத்தைக் கைவிடுகிறவர்கள் உண்டு. அதே அருள்சகோதரிகள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து செபிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய ஒழுங்குதான். எழுந்து போவதற்கு முதலில் அமர்ந்திருக்க வேண்டுமே.

அன்றாட வாழ்வில் இதை எப்படிச் செய்வது? அதிகம் கேட்கவில்லை. அன்றன்றைய நற்செய்திப் பகுதியைக் காலையில் ஒருமுறை, முடிந்தால் வாய்விட்டு, வாசியுங்கள். மூன்று நிமிடம் போதும். கைபேசியில் பத்துக் குழுக்களுக்கு வசனம் அனுப்புவது வாசிப்பு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பியவரே வாசிக்காத வசனங்கள் எத்தனையோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாசித்ததில் ஒரு சொல் மட்டும் பையில் இருக்கட்டும். பேருந்தில் நிற்கும்போதும், துணி துவைக்கும்போதும், ஆட்டோ நிறுத்தத்தில் காத்திருக்கும்போதும் அது மெல்ல மனத்தில் ஓடும். பகலில் யாராவது ஒருவர் உங்கள் வாசலுக்கு வருவார். பணம் கேட்பவராகவோ, புலம்புகிறவராகவோ, எரிச்சலூட்டுகிறவராகவோ இருக்கலாம். இரவில் குடும்ப செபத்தின்போது அவருடைய பெயரைச் சொல்லி மூன்று அப்பம் கேளுங்கள். எங்களுக்கு உணவு தாரும் என்று கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போது, அந்த 'எங்களு'க்குள் அவரும் இருக்கிறாரா என்று பாருங்கள்.

அன்பியக் கூட்டம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியத் திருச்சபைகளில் பரவிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு உங்களில் பலருக்குத் தெரியும். அதில் ஆறாவது படி, ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்க்கும் செயலைக் கலந்து முடிவு செய்வது. ஏழாவது படியில்தான் செபம். பல இடங்களில் ஐந்தாவது படியோடு நேரமாகிவிடுகிறது, தேநீரும் வந்துவிடுகிறது, ஆறாவதைத் தாண்டி நேராகச் செபத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு அந்தச் செபம் எப்போதும்போல் உடல்நலம், பிள்ளைகளின் தேர்வு என்றே முடிகிறது. அவையும் தேவைதான். ஆனால் அடுத்த தெருவில் படுக்கையிலிருக்கும் பாட்டியை இந்த வாரம் யார் பார்க்கப்போவது என்று பேசி முடித்துவிட்டுச் செபித்துப் பாருங்கள், குரலே மாறும். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2010இல் வெளியிட்ட 'ஆண்டவரின் வார்த்தை' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், செப முறையிலான மறைநூல் வாசிப்பு செயலில் வந்து சேரும்வரை நிறைவடைவதில்லை என்கிறார்.

திருவழிபாட்டு நாட்காட்டியில் ஜூலை 29 முன்பு புனித மார்த்தாவின் நினைவு மட்டுமே. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் மார்த்தா, மரியா, இலாசர் மூவரையும் சேர்த்து அந்நாளில் நினைவுகூரச் செய்தார். மார்த்தாவுக்கு என்ன ஆயிற்று என்று லூக்கா சொல்லவில்லை. யோவான் சொல்கிறார். தம்பி இலாசர் இறந்தபோது ஊருக்கு வெளியே ஓடிவந்து இயேசுவை எதிர்கொண்டவர் மார்த்தா. அவரே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிட்டவரும் மார்த்தா. பின்பு 12ஆம் அதிகாரத்தில், பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் மறுபடியும் ஒரு விருந்து. இலாசர் பந்தியில் இருக்கிறார். மரியா வழக்கம்போல இயேசுவின் காலடியில் நறுமணத் தைலத்தோடு. மார்த்தாவோ அங்கும் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார். லூக்கா பயன்படுத்திய அதே சொல்லின் வினைவடிவம்தான் அங்கும் வருகிறது. இந்த முறை அவர் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.