மண்ணீரலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும்

ஆன்ட்டி வைரஸ் சாப்ட்வேர் சில வேளைகளில் நல்ல விண்டோஸ் பைலையே வைரஸ் என எண்ணி அழித்துவிடுவது உண்டு. உடலிலும் இது நடக்கும்.

பள்ளிக்கரணையில் மழைக்காலத்தில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "டெங்குவா?" என்பதுதான். என் தங்கைக்குக் காய்ச்சலே இல்லை. கால்களில் சிவப்புப் புள்ளிகள் மட்டும் தோன்றின. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய தட்டணுக்கள் 18,000 ஆகியிருந்தன. டெங்கு இல்லை என்று தெரிந்ததும், டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

மண்ணீரல் இடது விலா எலும்புகளுக்கு அடியில் உள்ளது. பழைய ரத்த அணுக்களை வடிகட்டுவது இதன் வேலை. நோய் எதிர்ப்பு மண்டலம் நம் தட்டணுக்களையே பகை என்று தவறாக அடையாளமிட்டால், அவை பெரும்பாலும் இங்குதான் அழிகின்றன. இந்நோயை ஐ.டி.பி. என்பர். மண்ணீரலை அகற்றினால் இது குணமாகலாம் என 1916ல் பிராக் நகரில் மருத்துவ மாணவராக இருந்த பால் காஸ்நெல்சன் கூறினார். அறுவை சிகிச்சைக்குப் பின் அந்த நோயாளியின் தட்டணுக்கள் உயர்ந்தன.

ஸ்கேன் எப்படி இயங்குகிறது? நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வயிற்றுக்கான ப்ரோப் அனுப்பும் ஒலி சில மெகா ஹெர்ட்ஸ் அளவிலானது. திசுக்களில் ஒலி விநாடிக்கு 1,540 மீட்டர் செல்லும் எனக் கொண்டு, எதிரொலி திரும்பும் நேரத்திலிருந்து கம்ப்யூட்டர் ஆழத்தைக் கணக்கிடுகிறது. ஒரு செ.மீ. போய்த் திரும்ப சுமார் 13 மைக்ரோ விநாடி ஆகும்.

ஸ்கேன் சிடியில் டைகாம் பைல்கள் இருந்தன. வீட்டு உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் மைக்ரோடைகாம் புரோகிராமில் திறந்து, நானே மண்ணீரலை அளந்தேன். 14 செ.மீ. வந்தது! பெரியவர்களுக்குப் பொதுவாக 12 அல்லது 13 செ.மீ.க்குள் இருக்கும் என்று படித்திருந்ததால், அன்றிரவு அப்பாவும் நானும் தூங்கவில்லை.

ரிப்போர்ட்டில் இருந்ததோ 10.6 செ.மீ. பக்கத்தில் உள்ள சிறுநீரகத்தின் ஓரத்தையும் சேர்த்து நான் அளந்திருக்கிறேன். நோயாளி மூச்சை இழுத்து விடும்போது உறுப்புகள் நகர்வதைப் பார்த்தே எல்லையை உறுதி செய்வார்கள் என்றார் டாக்டர். நின்ற படத்தில் அது தெரியாது.

"நார்மல் என்றால் ஸ்கேன் வீண்தானே?" என்று கேட்டேன். இல்லை. ஐ.டி.பி.யில் மண்ணீரல் பெரும்பாலும் இயல்பான அளவில்தான் இருக்கும். வீங்கியிருந்தால் லூபஸ், கல்லீரல் நோய், மலேரியா, ரத்தப் புற்றுநோய் எனக் காரணத்தை வேறு பக்கம் தேட வேண்டும். ஸ்கேன் மட்டுமே எதையும் முடிவு செய்வதில்லை. ரத்தப் பரிசோதனைகளுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரைகளால் தங்கையின் தட்டணுக்கள் இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. நீங்களும் சிடியைத் திறந்து பாருங்கள், காப்பி எடுத்து வையுங்கள். அளக்கும் வேலையை மட்டும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.