விலைக்கழிவில் வரும் வைட் லென்ஸ்: வாங்கு முன் கமராவின் இலக்கத்தைக் கேளுங்கள்

"வைட் லென்ஸ் கொஞ்சம் இருக்கு நானா, நல்லா குறைச்சித் தாரன், எடுங்க." கொழும்பிலுள்ள மொத்த வியாபாரிகளிடமிருந்து இப்படியான அழைப்புகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. வவுனியாவில் கமராவும் அதன் துணைப் பொருட்களும் விற்பவன் என்ற வகையில், இந்த விலைக்கழிவு எங்கிருந்து வருகிறது, யாருக்கு அது இலாபம், யாருக்கு நட்டம் என்பதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். நட்டம் எனக்கே வந்ததால்தான் இந்த நினைப்பும் வந்தது.

முதலில் பொருளைப் பற்றி. டி.எஸ்.எல்.ஆர். கமராவுடன் வழக்கமாக வரும் 18-55 மி.மீ. லென்ஸ், 18 மி.மீ. இல் ஏறத்தாழ 75 பாகைக் கோணத்தைப் பிடிக்கும். 10 மி.மீ. வரை போகும் வைட் சூம் லென்ஸ் 107, 109 பாகை வரை பிடிக்கும். இந்த வித்தியாசம் வன்னியில் பெரிது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீடு ஒன்று ஏறத்தாழ 550 சதுர அடி. அதன் முன் அறையில் நிக்காஹ் நடந்தாலும் தாலி கட்டினாலும் படம் எடுப்பவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுதான் எடுக்க வேண்டும். அங்கே சாதாரண லென்ஸில் மாப்பிள்ளை வருவார், மாமனார் வெட்டுப்படுவார். ஆகவே இந்த லென்ஸுக்கு எங்கள் பக்கம் கேள்வி இருக்கிறது. (ஒன்றைச் சொல்லி விற்க வேண்டும்: ஓரத்தில் நிற்பவர்கள் இதில் அகன்று தெரிவார்கள். குடும்பப் படத்தில் பெரியவர்களை ஓரத்தில் நிறுத்தினால் ஸ்டுடியோக்காரர் ஏச்சு வாங்குவார்.)

விலைக்கழிவுக்குக் காரணம் லென்ஸில் உள்ள குறை அல்ல, காலமாற்றம். கெனன், நிக்கோன் ஆகிய இரு நிறுவனங்களும் 2018 இல் முழு அளவுச் சென்சர் கொண்ட மிரர்லெஸ் கமராக்களைப் புதிய பொருத்தியுடன் வெளியிட்டன. 2020 இற்குப் பிறகு இரு நிறுவனங்களுமே புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் சந்தைக்கு விடவில்லை. கெனன் தனது 10-18 மி.மீ. லென்ஸை 2014 இல் டி.எஸ்.எல்.ஆருக்காக வெளியிட்டது, 2023 இல் அதே 10-18 அளவை மிரர்லெஸ்ஸுக்கென்று தனியாகச் செய்தது. பழைய பொருத்திக்குரிய சரக்கைக் கையில் வைத்திருப்பவர்கள் அதைக் காசாக்கப் பார்ப்பது இயல்பு.

ஆனால் எந்த விலையிலிருந்து கழிவு என்று கேட்க வேண்டும். கெனன் 10-18 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 300 டொலர். அன்று டொலர் ஏறத்தாழ 130 ரூபா. ஆகவே நமது கணக்கில் 39,000 ரூபா. 2022 மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே 300 டொலர் ஒரு இலட்சத்து எட்டாயிரமாகியது. பழைய விலைக்கு இறக்கிய சரக்கை இன்றைய டொலர் விலையிலிருந்து கழித்து, "அரைவாசி விலை" என்று சொன்னால் விற்பவருக்கு அதில் கழிவே இல்லை.

இனி எனக்கு நேர்ந்தது. நிக்கோன் 10-20 மி.மீ. ஏ.எப்.பி. லென்ஸ் நான்கை ஒரு மொத்த வியாபாரியிடம் எடுத்தேன். 2017 இல் வெளிவந்த இந்த லென்ஸ் பாரம் குறைந்தது, படம் நல்லது. முள்ளியவளையில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார். மறுநாள் அவருடைய சகோதரர் வந்து காசைத் தந்து வாங்கிப் போனார். கமராவைக் கொண்டு வரவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தம்பியே வந்தார். "நானா, இது போக்கஸ் ஆகுதில்லை. கையால திருப்பினாலும் ஆகுதில்லை. நேற்றைய கலியாணத்தைப் பழைய லென்ஸிலதான் எடுத்தனான்" என்றார். அவரிடம் இருந்தது டி3200.

ஏ.எப்.பி. லென்ஸில் உள்ள மோட்டாருக்குக் கமராவே கட்டளை அனுப்ப வேண்டும். கையால் திருப்பும் வளையமும் அந்த மோட்டாரைத்தான் இயக்குகிறது. டி90, டி3100, டி3200, டி5100, டி7000 போன்ற பழைய கமராக்களுக்கு அந்தக் கட்டளை தெரியாது. டி3300, டி5300 தொடக்கம் வந்தவற்றில் வேலை செய்யும். பொருத்தினால் அழகாகப் பொருந்தும், ஏமாற்றம் அங்கேதான்.

காசைத் திருப்பிக் கொடுத்தேன். குறை லென்ஸில் இல்லை, கமராவில்தான் என்று வாதிட்டிருக்கலாம். கேட்காமல் விற்றது நான். மொத்த வியாபாரியோ திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டில் அதைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை, அதுவும் என் தவறு.

இதே பொறி வேறு பெயர்களிலும் உண்டு. டோக்கினா 11-16 மி.மீ. லென்ஸின் முதற் பதிப்பில் நிக்கோன் பொருத்திக்கு மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் கையால்தான் போக்கஸ் செய்ய வேண்டும். 2012 இல் வந்த இரண்டாம் பதிப்பில் மோட்டார் உண்டு. பெட்டியில் "II" என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கெனனில் ஈ.எப்.எஸ். என்று எழுதிய லென்ஸ் 5டி, 6டி போன்ற பெரிய சென்சர் கமராக்களில் பொருந்தவே பொருந்தாது. புதிய மிரர்லெஸ் கெனனில் அடெப்டர் போட்டு ஈ.எப்.எஸ். லென்ஸைப் பாவிக்கலாம், ஆனால் அடெப்டரின் விலையையும் சேர்த்துத்தான் கழிவைக் கணக்கிட வேண்டும்.

பாவித்த லென்ஸ் என்றால் இரு பக்க மூடியையும் கழற்றி, கைத்தொலைபேசி வெளிச்சத்தை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் தெரிந்தால் அது பூஞ்சணம். மாரியில் அலுமாரிக்குள் கிடந்தவற்றில் இதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். எவ்வளவு குறைத்துத் தந்தாலும் அதை எடுப்பதில்லை.

அந்த நான்கில் மூன்று, டி3400உம் டி5600உம் வைத்திருந்தவர்களுக்குப் போய்விட்டன. மிகுதி ஒன்று கடையில் இருக்கிறது. அதன் பெட்டியில் எந்தெந்தக் கமராவுக்கு வேலை செய்யாது என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முள்ளியவளைத் தம்பிக்கு சிக்மா 10-20 ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். மோட்டார் உள்ளது, டி3200இல் ஓடும். கிடைத்தால், கமராவோடு வரும்படி சொல்லியிருக்கிறேன்.