செக்ரிட்டின், ஸ்டெம்செல், பிறகு காத்திருப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கோ.

1998 இல் அமெரிக்காவில் ஒரு ஊசி பெரிய கதையாய் அடிபட்டது. செக்ரிட்டின் என்பது எங்கட குடலில் சுரக்கிற ஒரு ஹோர்மோன். கணையம் ஒழுங்காய் வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஏற்றிச் சோதிப்பார்கள். அப்படிச் சோதித்த மூன்று ஒட்டிசப் பிள்ளைகள் பிறகு முகம் பார்த்தார்கள், கதைக்கத் தொடங்கினார்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. ரி.வியிலும் சொன்னார்கள். பிறகென்ன, மருந்துக்கு அடிபிடி.

அடுத்த வருஷமே 60 பிள்ளைகளோடு ஒழுங்கான ஆய்வொன்று வந்தது. பாதிப் பேருக்குச் செக்ரிட்டின், மற்றப் பாதிக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று தாய்தகப்பனுக்குத் தெரியாது. நாலு கிழமையால் பார்த்தால் இரண்டு பக்கமும் பிள்ளைகள் முன்னேறியிருக்கினம்! உப்புநீருக்கும் அதே முன்னேற்றம். என்னை உறுத்துகிற இடம் இனித்தான். முடிவை விளக்கிச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 வீதமானோர் தங்கட பிள்ளைக்குச் செக்ரிட்டின் கொடுக்க விருப்பமாகவே இருந்தார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். மெதுவாய் என்றாலும் வளரும். அதுவும் நாங்கள் புதுசாய் ஒன்றைத் தொடங்குவது நிலைமை மிக மோசமாய்த் தெரிகிற நாளில்தான். அதற்குப் பிறகு பிள்ளை செய்கிற நல்லதெல்லாம் கடைசியாய்க் காசு கொடுத்த பொருளின் கணக்கில் போய் விழும். புள்ளிவிபரத்தில் மாஸ்டர்ஸ் செய்கிற எனக்கு இது வகுப்பில் படிக்கிற விஷயம். பிள்ளையைப் பெற்றவைக்கு அப்படி இல்லை.

மல்வேர்னில் நான் வாடகைக்கு இருக்கிற பேஸ்மன்ற்றுக்கு மேலே ஒரு அக்காவும் அண்ணையும் மூன்றரை வயது மகனும் இருக்கினம். பெடியனுக்கு ஒட்டிசம், இன்னும் சொல் வரவில்லை. போன மாதம் அக்கா ஒரு வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டினா.

"தம்பி, நீர் இந்த ஆய்வுகள் படிக்கிறனீர் தானே. இது உண்மையோ எண்டு பார்த்துச் சொல்லும்."

சென்னையில் ஒரு கிளினிக். பிள்ளையின் இடுப்பெலும்பில் மச்சையை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம்செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டில் ஏற்றுவார்களாம். அண்ணை வீட்டை வைத்துக் கடன் எடுக்கிற அளவுக்கு யோசித்துவிட்டார்.

இந்தியாவிலேயே இதற்கு அங்கீகாரம் இல்லை. 2017 இல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட வழிகாட்டியில், இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்கிற மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான். 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கநெறிச் சபையும் ஒட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை வேண்டாம் என்றே சொன்னது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் 180 பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வு 2020 இல் வந்தது. அது வேறு வகைச் செல், முறையும் வேறு. ஆனாலும் பழகுகிற திறனில் அவர்கள் தேடிய வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆராய்ச்சி என்றால் காசு கேட்கக்கூடாது, காசு கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை. இவ்வளவுதான் அக்காவுக்கு நான் சொன்னது.

'செய்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்' என்று கேட்கிறவைக்கு இன்னொன்று. உடம்பில் இருந்து உலோகத்தை இழுக்கிறோம் என்று கீலேஷன் மருந்து ஏற்றியதில், 2005 இல் பென்சில்வேனியாவில் 5 வயது ஒட்டிசப் பெடியன் ஒருவன் டொக்டரின் அறையிலேயே இதயம் நின்று செத்துப்போனான். இரத்தத்தில் கல்சியம் விழுந்துவிட்டது.

சரி, சனம் ஏன் சென்னைக்கு ரிக்கற் பார்க்குது? இஞ்ச கிடைக்கவேண்டியது நேரத்துக்குக் கிடைக்காததால்தான். 2019 இல் ஒன்ராறியோவில் ஒட்டிச உதவிக்குக் காத்திருந்த பிள்ளைகள் 23,000. அரசாங்கம் அந்த வரிசையை ஒழிக்கிறோம் என்று ஆறு வயதுக்குக் கீழே வருஷத்துக்கு 20,000 டொலர், மேலே 5,000 டொலர் என்று பிரித்துக் கொடுக்க வெளிக்கிட்டது. தேவை கூடின பிள்ளைக்கும் குறைந்த பிள்ளைக்கும் ஒரே அளவு. பெற்றோர் குயின்ஸ் பார்க்கில் கூடிக் கத்தினார்கள், திட்டம் மாற்றப்பட்டது. வரிசை மட்டும் போகவில்லை. நிரூபணமான உதவி வரிசையில் நிற்குது, நிரூபணம் இல்லாதது நாளைக்கே வாங்கோ என்குது. இதில் கோபம் வந்தால் அக்காவில் வரக்கூடாது.

ஆனால் வரிசையில் நிற்கிற காலம் முழுக்க வெறுங்காலம் இல்லை. மாகாண ஒட்டிசத் திட்டத்தில் பதிந்தாலே, காசு வரமுன்னம், குடும்பங்களுக்கான அடிப்படைச் சேவைகள் கிடைக்கும். மிகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோரையே பழக்கிவிடுகிற வகுப்புகளும் உண்டு, இலவசம். இந்த மாதிரிப் பழக்கலுக்குப் பின்னால் ஆய்வு இருக்கு. இங்கிலாந்தில் 152 பிள்ளைகளோடு செய்தது 2010 இல் வந்தது. தாய் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தாயோடு இருந்து பார்த்து, 'இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தவன், நீங்கள் பொறுத்திருந்தால் நல்லம்' என்று சொல்லிக் கொடுக்கிறது. ஆறு வருஷமளவில் திரும்பப் பார்த்தபோதும் கொஞ்சம் பலன் மிஞ்சியிருந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை, கொஞ்சம்தான். இதையே கோவாவிலும் ராவல்பிண்டியிலும் சாதாரண சுகாதாரப் பணியாளர்களை வைத்துச் செய்து பார்த்தார்கள் (2016).

ஸ்காபரோவில் கீதா மூர்த்தி 2008 இல் தொடங்கிய தெற்காசிய ஒட்டிச நிலையமும் இருக்கு. எங்கட ஆக்கள் 'சனம் என்ன சொல்லும்' என்று ஒளிக்காமல் போகக்கூடிய இடம்.

இன்னொரு விஷயம். 'பிள்ளைக்குக் குழப்பம், வீட்டில் இங்கிலிஷ் மட்டும் கதையுங்கோ' என்று சொல்கிறவை இன்னும் இருக்கினம். 2012 இல் மொன்றியலில் 75 ஒட்டிசப் பிள்ளைகளைப் பார்த்ததில், இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவை மற்றவையை விடப் பிந்தவில்லை. அம்மம்மாவுக்கு இங்கிலிஷ் வராது. அவவும் பேசாமல் விட்டால் பிள்ளைக்குக் கதை கேட்க வீட்டில் ஒரு ஆள் குறைவு.

ஒட்டிசம் என்று முடிவு சொல்லாத, பேச்சு மட்டும் பிந்தின பிள்ளை என்றால், பள்ளிக்கூட வயதுக்கு முன்னம் இருக்கிற அரசாங்கப் பேச்சுப் பயிற்சிக்கு நீங்களே போன் எடுத்துப் பதியலாம். டொக்டரின் கடிதம் தேவையில்லை. பள்ளிக்கூடம் தொடங்கினால் அந்த வாசல் மூடிவிடும், ஆனபடியால் கெதியாய்.