ஒஸ்லோவுக்கு ஒரு விசிட்: படிவம் உங்கள் கையில் இருக்கட்டும்

கச்சான் காற்று வீசி வாவிக் கரையெல்லாம் புழுதி பறக்கும் வைகாசி, ஆனி மாதங்களில்தான் நோர்வேயில் கோடை பிறக்கிறது. கண்ணகை அம்மன் குளிர்த்தி முடிந்த கையோடு மட்டக்களப்பில் சில வீடுகளில் பெட்டி கட்டத் தொடங்குவார்கள். மகளின் பிள்ளைப்பேறு, மருமகன் வாங்கிய புது வீடு, பேத்தியின் சடங்கு என்று காரணங்கள் பல. இன்னொரு கூட்டமும் உண்டு. உறவினர் வீட்டுச் சோபாவில் ஒரு மாதம் இருந்துவிட்டு வர விருப்பமில்லாமல், தாங்களே ரயில் பிடித்துப் பேர்கன், லொபோத்தன் என்று சுற்றிப் பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்கள், பட்டம் முடித்த பிள்ளைகள். இரு சாராருக்கும் சிக்கல் பெரும்பாலும் விமானம் ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது. விசாப் படிவத்தை யாரோ நிரப்புகிறார். கையெழுத்தை மட்டும் இவர் போடுகிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் ஏஜென்சிக்காரத் தம்பிக்குத்தான் தெரியும்" என்பார்.

நோர்வே நமக்குப் புதிய பெயர் இல்லை. 2002 முதல் 2008 தொடக்கம் வரை, நோர்வே ஏற்பாட்டில் வந்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு மட்டக்களப்பிலும் அலுவலகம் வைத்திருந்தது. அதற்கு முன்பே, 1980களில் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு நின்றார்கள். அங்கே சொந்தம் இருந்தால் விசா கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இப்படி வளர்ந்ததுதான். சொந்தம் இருப்பது உதவும். அது மட்டும் போதாது.

வேண்டியது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா. கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023 ஜூலை இறுதியில் மூடப்பட்டுவிட்டது. இலங்கைக்கான பொறுப்பு இப்போது புதுடில்லித் தூதரகத்திடம். அதற்காக டில்லிக்குப் போக வேண்டியதில்லை. விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்துவிட்டு, கொழும்பிலுள்ள விசா விண்ணப்ப மையத்தில் ஆவணங்களையும் கைரேகையையும் கொடுத்தால் சரி. விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ. அதற்குக் கீழே இலவசம். மையம் தன் சேவைக்கு எடுப்பது பொதுவாக விசாக் கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ஷெங்கன் விதியே சொல்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசியாகப் பதினைந்து நாள் முன்னர். முடிவு வழமையாக 15 நாளில் வர வேண்டும், சில வேளை 45 நாள் வரை இழுக்கும். ஆகவே ஜூனில் போகிறவர் மார்ச்சிலாவது தொடங்கிவிடுவது நல்லது. இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பவரிடம் "அப்பொயின்ட்மென்ட் எடுத்துத் தர இவ்வளவு" என்று யாரும் காசு பிடுங்க முடியாது.

ஆவணங்களில்தான் வாவிக் கரை மக்களுக்குத் தனிச் சிரமம். சம்பளப் பட்டியல் உள்ள ஆசிரியருக்கு வேலை எளிது: கல்வித் திணைக்களம் அங்கீகரித்த வெளிநாட்டு லீவுக் கடிதம் ஒன்றே அவர் திரும்பி வருவார் என்பதற்குப் பெரிய சாட்சி. தோணியும் வலையுமாகப் பிழைப்பவர் எதைக் காட்டுவது? காட்ட முடியும். கடற்றொழில் திணைக்களத்தின் படகுப் பதிவு, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம், கிராம சேவகர் எழுதிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட சான்று, காணி உறுதி, ஆறு மாதத்து வங்கிக் கூற்று. தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். கணக்கில் மாதாமாதம் சிறுசிறு தொகை வந்து போயிருந்தால் அது நேர்மையான கணக்காகத் தெரியும். விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் எங்கிருந்தோ பத்து லட்சம் வந்து விழுந்திருந்தால், பார்க்கிற அதிகாரிக்கு முதலில் எழுவது "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விதான். "காசு காட்டித் தாறம்" என்று வட்டிக்குப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் உதவியைவிடக் கெடுதலையே அதிகம் செய்கிறது.

கையில் காட்ட வேண்டிய தொகையும் அப்படியொன்றும் மலைப்பானதல்ல. நோர்வே பொதுவாக எதிர்பார்ப்பது நாளொன்றுக்கு 500 குரோனர். உறவினர் வீட்டில் தங்குபவருக்கு இதைக் குறைத்தும் பார்ப்பார்கள். அங்குள்ளவர் உத்தரவாதப் படிவத்தில் கையெழுத்திட்டுச் செலவைப் பொறுப்பேற்கலாம். ஆனால் வந்தவர் திரும்பாமல் நின்று, அரசு அவரை அனுப்பி வைக்க நேர்ந்தால், அந்தச் செலவும் கையெழுத்திட்டவர் தலையில்தான் விடியும். மாமி முறை, மச்சான் முறை என்று கேட்டவுடன் அவர் தயங்கினால் கோபிக்காதீர்கள். அது சட்டப்படியான கடன்.

காப்புறுதி கட்டாயம். குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும். மிக மலிவான பொலிசியை எடுத்து விசாவுக்கு மட்டும் ஒட்டிக்கொள்வோர் உண்டு. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள், ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நோர்வேயில் அவசர சிகிச்சையை மறுக்க மாட்டார்கள். ஆனால் விசிட்டில் வந்தவருக்கு முழுக் கணக்கும் வீடு தேடி வரும்.

இனி ஏஜென்சி. டிக்கெட்டும் ஹொட்டலும் போட்டுத் தரும் பயண முகவர்கள் தேவையானவர்கள்தான். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அவர்களிடம் போகலாம். "விசிட்டில் போங்க, அங்க மீன் ஃபெக்டரியில வேலை எடுத்துத் தாறன்" என்பவர் வேறு ரகம். விசிட் விசாவில் வேலை செய்ய உரிமை கிடையாது. உறவினரின் கடையில் நின்று சம்பளம் வாங்கினாலும் அது வேலைதான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உண்டா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். பிரதேச செயலகத்திலும் பணியகத்தின் உத்தியோகத்தர் இருப்பார். காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா? வங்கி வைப்புத் துண்டு, வட்ஸ்அப் குரல் பதிவு, அவர் தந்த விசிட்டிங் கார்ட் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பணியகத்திலும் பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். "ஊர் முழுக்கச் சிரிக்கும்" என்று மூடி மறைப்பவர்கள்தான் இத்தகையவர்களுக்கு அடுத்த ஆளைப் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

விசா மறுக்கப்பட்டால் வெறும் "இல்லை" என்று சொல்லிவிட்டு அனுப்ப முடியாது. காரணத்தைக் குறிப்பிட்ட படிவத்தைத் தர வேண்டும் என்பது உங்கள் உரிமை. திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம் உண்டு என்பது அடிக்கடி காணும் காரணம். நோர்வேயைப் பொறுத்தவரை, முடிவை அறிந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தூதரகம் தன் முடிவை மாற்றாவிட்டால் நோர்வேக் குடிவரவுத் திணைக்களமான யூ.டி.ஐ. அதைப் பரிசீலிக்கும். ஒஸ்லோவிலுள்ள உறவினருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் அவரே எழுதிப் போடலாம். போன தடவை சொன்னதையே உரத்துச் சொல்வதில் பயனில்லை. விடுபட்ட ஆவணத்தைச் சேர்த்து எழுத வேண்டும். போலிப் பத்திரம் கொடுத்து மறுக்கப்பட்டவருக்கு இந்த வழி இடுக்கமானது. அவருடைய விவரம் ஷெங்கன் விசாத் தரவுத்தளத்தில் ஐந்து வருடம் இருக்கும். எந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போனாலும் அது திரையில் வரும்.

விசா கிடைத்ததும் கோவிலுக்கு ஓடுமுன், கடவுச்சீட்டில் ஒட்டிய அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். மூன்று இடங்கள் முக்கியம். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை செல்லும் என்பது ஒன்று. எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. திகதிகளுக்கு இடையே 45 நாள் இருக்கும், தங்க அனுமதி 30 நாளாக இருக்கும். விமானம் தாமதமானால் பயன்படட்டும் என்று கொடுத்த அந்தப் பதினைந்து நாளைத் தங்கும் நாளாக எண்ணி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும். 2025 ஒக்டோபர் 12 முதல் எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவைப் படிப்படியாகக் கொண்டுவந்திருப்பதால், மேலதிகமாக நின்ற ஒரு நாளும் மறையாது. மூன்றாவது, எத்தனை தடவை நுழையலாம் என்பது. அங்கே 01 என்றிருந்தால், "பக்கத்தில்தானே லண்டன், தம்பியையும் பார்த்துவிட்டு வருவோம்" என்று வெளியேறினால் ஒஸ்லோவுக்குத் திரும்ப முடியாது. பிரித்தானியா ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசாவும் வேண்டும். இதைவிட நுட்பமான பொறி ஸ்வால்பார்ட். நோர்வேயின் தீவுக்கூட்டம்தான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. பனிக்கரடி நாட்டைப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டு நுழைவு விசா இல்லையென்றால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

பெட்டிக்குள் என்ன போகலாம்? முட்டித் தயிரையும் நெய்யையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவரத் தடை. கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை, அளவுக் கட்டுப்பாடு மட்டும் உண்டு. 25,000 குரோனருக்கு மேற்பட்ட பணம் கையில் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மருந்துகளை ஆங்கிலத்தில் எழுதிய டொக்டர் துண்டோடு கைப்பையில் வையுங்கள். ஜூனில் நோர்வே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இன்சுலின் போடுபவர் நேரத்தை முன்கூட்டியே டொக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும். ஒஸ்லோவில் ஜூன் கடைசியில் இரவு பத்தரை தாண்டியும் சூரியன் மறையாது, ட்ரொம்சோவில் இரவே கிடையாது. பொழுது படாததால் சாப்பாடும் மாத்திரையும் மறந்துபோவது வெகு சாதாரணம்.

தனியாகச் சுற்றுவோருக்கு இரண்டு உரிமைகள் தெரிந்திருக்க வேண்டும். கார்ட் இல்லாதவர் பயப்பட வேண்டாம்: 2024 ஒக்டோபர் 1 முதல் ஆள் நின்று விற்கும் கடைகளில் 20,000 குரோனர் வரை காசாகக் கொடுக்கும் உரிமை உறுதியாக்கப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் இதை நம்பி ஏறாதீர்கள். மற்றையது 1957ஆம் ஆண்டின் வெளியுலாச் சட்டம் தரும் உரிமை. பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம், அருகிலுள்ள வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டக் கூடாது.

வாவியில் வளர்ந்தவருக்குக் கடலைக் கண்டால் கை சும்மா இருக்காது. கைத்தூண்டிலால் கடலில் மீன் பிடிக்கலாம், அனுமதிச் சீட்டு வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீச்சுவலையோ வேறு வலையோ போட்டால் குற்றம். பிடித்ததை விற்றாலும் குற்றம். ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போடக் காசு கட்டிச் சீட்டு எடுக்க வேண்டும். எட்டு மீற்றருக்குக் குறைந்த உல்லாசப் படகு ஓடும்போது மிதவை அங்கி போடுவது 2015 முதல் சட்டம். நீச்சல் தெரிந்தவர் என்ற துணிவு இங்கே ஆபத்து. கல்லடிப் பாலத்தின் கீழுள்ள வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பழகிய உடம்பு, ஜூன் மாத பியோர்டில் குதித்தவுடன் மூச்சைத் தானாக உள்ளிழுக்கும். அந்த முதல் நிமிடத்தில் வாய்க்குள் தண்ணீர் போனால் எந்த நீச்சலும் உதவாது. கரையிலிருந்து மெதுவாக இறங்குங்கள். அம்புலன்ஸுக்கு 113, பொலிஸுக்கு 112, உயிராபத்து இல்லாத அவசரத்தில் டொக்டருக்கு 116117.

கடவுச்சீட்டு தொலைந்தால் ஒஸ்லோவில் நமது தூதரகம் இல்லை. 2022இல், ஊரில் டொலர் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், அதுவும் மூடப்பட்டது. பொலிஸில் முறைப்பாட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு ஸ்டொக்ஹோம் தூதரகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். கடவுச்சீட்டு, விசா, காப்புறுதிப் படங்களை ஊரிலுள்ள ஒருவரின் போனிலும் விட்டுப் போங்கள்.

திரும்பும் விமானத்தில் ஒரு பலம் உண்டு, பலர் அதைக் கேட்பதே இல்லை. ஐரோப்பிய விமானப் பயணிகள் விதி நோர்வேயிலும் செல்லும். ஒஸ்லோவிலிருந்து ஒரே பதிவில் டோஹா, டுபாய் வழியாகக் கொழும்புக்கு வருபவர், விமான நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதித்து வந்து சேர்ந்தால் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். புயலால் தாமதமானால் இழப்பீடு இல்லை. சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் தர வேண்டும். கொழும்பிலிருந்து வளைகுடா விமானத்தில் போகும்போது இந்த விதி பொருந்தாது. பெட்டி வந்து சேராவிட்டால் கட்டுநாயக்கவை விட்டு வெளியேறுமுன் அறிக்கை எழுதிப் பிரதியை வாங்குங்கள். பெட்டி உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிந்தி வந்த பெட்டிக்கு, அது கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்.